சாய்வின் கணக்கு: விருத்தாசலம் பொம்மையும் கோல்ப் வெட்ஜும்

அச்சிலிருந்து வெளியே எடுத்த செராமிக் பொம்மையின் இரண்டு விலாவிலும் மெல்லிய வரி ஒன்று புடைத்து ஓடும். அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடம் அது. சூளைக்குப் போகுமுன் அந்த வரியைச் சுரண்டி எடுத்தாக வேண்டும். விருத்தாசலத்துப் பட்டறைகளில் பார்ப்பதற்கு மிக எளிதாகத் தோன்றும் வேலை இது. ஒரு மெல்லிய தகடு, ஈர ஸ்பாஞ்சு, அவற்றைப் பிடிக்கும் கை: இவ்வளவுதான் தேவை. ஆனால் தகட்டை எந்தச் சாய்வில் பிடிப்பது என்பதில்தான் பொம்மை தப்புவதும் கெடுவதும் இருக்கிறது. கோல்ப் ஆட்டத்தில் வெட்ஜ் என்ற மட்டையைத் தேர்ந்தெடுப்பவர் எதிர்கொள்ளும் கேள்வியும் இதுதான். விளிம்பு எவ்வளவு இறங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும்?

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் இருக்கிறது விருத்தாசலம். திருமுதுகுன்றம் என்ற பழைய பெயரும் விருத்தகிரீசுவரர் கோயிலும் ஊரின் ஒரு முகம் என்றால், செராமிக் தொழிற்பேட்டையும் அரசின் செராமிக் தொழில்நுட்பப் பயிலகமும் இன்னொரு முகம். பக்கத்தில் உள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணை அகற்றியபோது அதனோடு வெண்களிமண்ணும் வெளிப்பட்டது. மண் அருகில் கிடைத்ததால் தொழில் இங்கே வேர் பிடித்தது. கொலு பொம்மை, அகல் விளக்கு, மின்சாரப் ஃபியூஸ் கட்டை எனப் பல பொருள்கள் இங்கே உருவாகின்றன. நவராத்திரிக்கும் கார்த்திகைக்கும் முந்தைய மாதங்களே பொம்மைக்கும் விளக்குக்கும் உரிய பருவம்.

பொம்மை செய்யும் முறை வார்ப்பு முறை. களிமண்ணையும் மற்ற கனிமத் தூள்களையும் தண்ணீரில் கரைத்துக் கூழாக்குவார்கள். தொழிலில் அதற்கு ஸ்லிப் என்று பெயர். அதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் விளிம்புவரை ஊற்றினால் பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அச்சின் உட்சுவரில் களிமண் ஒரு தோல்போலப் படியும். தோல் வேண்டிய கனத்துக்கு வந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்து வெளியே ஊற்றிவிடுவார்கள். சற்று நேரம் விட்டு அச்சைத் திறந்தால் உள்ளே கூடான பொம்மை நிற்கும். அப்போது அது களிபோல் குழைவாகவும் இருக்காது, ஓடுபோல் காய்ந்தும் இருக்காது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழாது, நகத்தால் கீறினால் கோடு விழும். வரியைச் சுரண்ட ஏற்ற பதம் அதுதான்.

தகட்டை நேராக நிமிர்த்தி அழுத்தினால் விளிம்பு களிமண்ணுக்குள் இறங்கும், வரியோடு சேர்ந்து உடம்பிலும் ஒரு பள்ளம் பெயர்ந்து வரும். அந்தப் பள்ளத்தை மெருகு மூடாது, சுட்ட பிறகு அது இன்னும் பளிச்சென்று தெரியும். தகட்டை அளவுக்கு மீறிப் படுக்கவைத்தால் அதன் முதுகு பொம்மையின் மேல் வழுக்கிக்கொண்டு போகும், வரி வரியாகவே நிற்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு சாய்வு உண்டு. விளிம்பு வரியைச் சீவ வேண்டும், முதுகு உடம்பைத் தொட்டும் தொடாமலும் வந்து விளிம்பை மேலே தாங்க வேண்டும். ஈரம் கூடுதலாக இருந்தால் தகட்டைப் படுக்கவைக்கிறார்கள், காய்ந்துபோனால் நிமிர்த்துகிறார்கள். கை பழகியவர் ஒரு பொம்மைக்குள்ளேயே இந்தச் சாய்வைப் பல முறை மாற்றுகிறார். தோளுக்கு ஒன்று, கழுத்து மடிப்புக்கு ஒன்று, பீடத்தின் தட்டைக்கு ஒன்று.

வெட்ஜிலும் விளிம்பும் முதுகும் உண்டு. வேறுபாடு ஒன்றே. பொம்மைத் தொழிலாளியின் சாய்வு மணிக்கட்டில் இருக்கிறது, கோல்ப் ஆட்டக்காரரின் சாய்வு எஃகில் வார்த்துத் தேய்த்து முடிக்கப்பட்டிருக்கிறது. வாங்கும்போதே அதைச் சரியாகப் பார்த்து வாங்க வேண்டியிருப்பது அதனால்தான்.

கோல்ப் மட்டைகளில் பந்தைக் குறைந்த தூரத்துக்கு உயரமாக எழுப்பி, குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையான கிரீன் மேல் மெல்ல இறக்கும் குட்டையான மட்டைகளுக்கு வெட்ஜ் என்று பெயர். ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள் முக்கியம். முதலாவது லாஃப்ட். முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம் அது. பிட்சிங் வெட்ஜில் ஏறக்குறைய 44 முதல் 48 டிகிரி, கேப் வெட்ஜில் 50 முதல் 52, சாண்ட் வெட்ஜில் 54 முதல் 58, லாப் வெட்ஜில் அதற்கும் மேல். கோணம் கூடக் கூடப் பந்து உயரும், தூரம் குறையும்.

இரண்டாவது பவுன்ஸ். பலர் கவனிக்காமல் விடும் எண் இதுதான். தண்டைச் செங்குத்தாக நிறுத்தி வெட்ஜைச் சமதரையில் வைத்தால் முன்விளிம்பு தரையைத் தொடாமல் சற்று மேலே நிற்கும், தரையைத் தொடுவது அடிவயிறு. முன்விளிம்பிலிருந்து வயிற்றின் தாழ்ந்த இடத்துக்குக் கோடு இழுத்தால் அது தரையோடு செய்யும் கோணமே பவுன்ஸ். 4 முதல் 6 டிகிரிவரை குறைந்த பவுன்ஸ், 7 முதல் 10 வரை நடுத்தரம், 10-க்கு மேல் கூடுதல் என்று பொதுவாகப் பிரிக்கிறார்கள். இது பொம்மை மேல் தகட்டின் முதுகு செய்யும் வேலையேதான். விளிம்பு மண்ணுக்குள் போகப் பார்க்கும், வயிறு முட்டி அதை மேலே தள்ளும்.

இந்த வயிறு கோல்ப் மட்டைக்கு வந்து ஏறக்குறைய நூறாண்டுதான் ஆகிறது. 1930-க்கு முன்பு மணற்குழியில் விழுந்த பந்தை எடுக்க ஆட்டக்காரர்கள் மெல்லிய விளிம்புள்ள நிப்ளிக் மட்டையையே நம்பினார்கள். அது மணலுக்குள் கத்திபோல இறங்கிச் சிக்கிக்கொள்ளும். முகம் குழிந்த கனத்த மட்டை ஒன்று புழக்கத்துக்கு வந்தது. பந்தை ஒரே வீச்சில் இருமுறை தொடும் என்ற காரணத்தால் 1931-இல் அது தடைசெய்யப்பட்டது. அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசன் வேறு வழி கண்டார். நிப்ளிக்கின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்து, பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்தார். விமானத்தின் வால்பகுதி இறங்கும்போது முன்பகுதி எழுவதைக் கண்டதே இந்த யோசனைக்கு வித்து என்று அவரே சொல்லியிருக்கிறார். 1932-இல் இங்கிலாந்தின் பிரின்சஸ் மைதானத்தில் நடந்த பிரிட்டிஷ் ஓபனை அந்த மட்டையோடு வென்றார். இன்றைய எல்லாச் சாண்ட் வெட்ஜுக்கும் அதுவே தாய்.

இன்று வெட்ஜின் தலை இரண்டு வழிகளில் உருவாகிறது. ஒன்று, காய்ச்சிய எஃகை அச்சில் அடித்து உருவாக்குவது. மற்றொன்று மெழுகு வார்ப்பு. மெழுகில் தலையின் உருவத்தைச் செய்து, பீங்கான் கூழில் பல முறை முக்கி, ஒவ்வொரு முறையும் மணல்போன்ற தூளைத் தூவிக் காயவிட்டால் மெழுகின் மேல் ஓடு கட்டும். சூட்டில் மெழுகை உருக்கி வடித்துவிட்டு, ஓட்டைச் சுட்டு இறுக்கி, உருக்கிய எஃகை உள்ளே ஊற்றுவார்கள். ஆறியதும் ஓட்டை உடைத்தெடுப்பார்கள். விருத்தாசலத்தில் நடப்பதன் தலைகீழ் இது. அங்கே அச்சு பிளாஸ்டர், பொருள் பீங்கான், ஒரே அச்சில் பல பொம்மைகள். இங்கே அச்சு பீங்கான், பொருள் எஃகு, ஒரு தலைக்கு ஒரு ஓடு. இரண்டிலும் வார்ப்பு முடிந்த பிறகு விளிம்பையும் வயிற்றையும் தேய்த்துச் சரியாக்கும் கை தேவைப்படுகிறது. வெட்ஜின் குதிகாலிலும் மூக்கிலும் பின்விளிம்பிலும் எவ்வளவு எஃகைத் தேய்த்து எடுப்பது என்பதற்குக் கிரைண்ட் என்று பெயர். ஒரே 58 டிகிரி லாஃப்டும் ஒரே 10 டிகிரி பவுன்சும் கொண்ட இரண்டு வெட்ஜுகள் வேறு வேறு விதமாக நடந்துகொள்வதற்குக் காரணம் இதுதான். வயிறு அகலமாக இருந்தால் எண் சிறியதானாலும் முட்டு கூடும். குதிகாலைத் தேய்த்து எடுத்திருந்தால் முகத்தை விரித்துப் பிடித்தாலும் முன்விளிம்பு அதிகம் எழாது.

மட்டையில் பொறித்திருக்கும் எண் தண்டு செங்குத்தாக நிற்கும்போது அளந்தது. அடிக்கும்போது கை பந்துக்கு முன்னால் போனால் தண்டு சாயும், லாஃப்டும் பவுன்சும் சேர்ந்தே குறையும். 56 டிகிரி லாஃப்ட், 10 டிகிரி பவுன்ஸ் உள்ள வெட்ஜைத் தண்டு 6 டிகிரி முன்சாய்ந்து அடித்தால் களத்தில் அது 50 லாஃப்ட், 4 பவுன்ஸ் உள்ள மட்டையாகிறது. மறுபக்கம், முகத்தை வானம் பார்க்க விரித்தால் பின்விளிம்பு தாழ்ந்து பவுன்ஸ் கூடும். மணற்குழியில் முகத்தை விரிக்கச் சொல்லிக்கொடுப்பதற்கும், வெயிலில் இறுகிய மொட்டைத் தரையில் விரிக்காதே என்பதற்கும் காரணம் இதுவே.

ஆகவே தேர்வு வீச்சிலிருந்து தொடங்குகிறது. மட்டை மேலிருந்து செங்குத்தாக இறங்கிப் புல்லையும் மண்ணையும் ஆழமாகப் பெயர்க்கும் வீச்சுக்குக் கூடுதல் பவுன்ஸ் பொருந்தும். 10 முதல் 14 டிகிரிவரையுள்ள வயிறு அத்தகைய மட்டையைப் புதையவிடாது. தரையைத் தடவிக்கொண்டு போய்ப் புல்லின் நுனியை மட்டும் சீவும் வீச்சுக்கு 4 முதல் 8 வரை போதும். இப்படி வீசுபவருக்குக் கூடுதல் பவுன்ஸ் தந்தால் வயிறு முதலில் தரையில் முட்டித் துள்ளும், விளிம்பு பந்தின் நடுவயிற்றில் மோதும், பந்து எழாமல் கிரீனைத் தாண்டி ஓடும். வீச்சு எந்த வகை என்று அறிய எளிய வழி உண்டு. வெட்ஜின் அடிவயிற்றில் மார்க்கர் மையைப் பூசிப் பயிற்சி விரிப்பின் மேல் பத்துப் பந்து அடிக்க வேண்டும். மை முன்விளிம்போரம் அழிந்திருந்தால் மட்டை தோண்டப் பார்க்கிறது. பின்புறம் அழிந்திருந்தால் வயிற்றில் அமர்ந்து வழுக்குகிறது. நடுவில் அழிந்திருந்தால் இருக்கும் பவுன்சே சரி.

வீச்சுக்கு அடுத்தது தரை. சித்திரை வெயிலில் சென்னை நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப்பின் மைதானம்போன்ற சமவெளித் தரைகள் இறுகுகின்றன. பந்து புல்லின் மேல் மிதக்காமல் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். அங்கே குறைந்த பவுன்ஸ் விளிம்பைப் பந்தின் அடியில் கொண்டுசேர்க்கும். அதே தரை ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு குழைந்துவிடும், அப்போது மெல்லிய வயிறு தோண்டித் தோண்டி நிற்கும். உதகையிலும் கொடைக்கானலிலும் மழையும் பனியும் ஈரத்தை நெடுநாள் நிறுத்துவதால் நடுத்தரம் முதல் கூடுதல்வரை பொருத்தம். மணற்குழிக்கும் இந்தக் கணக்கே. தளர்ந்த ஆழமான மணலுக்கு அகன்ற வயிறும் கூடுதல் பவுன்சும், மழையில் அடங்கி இறுகிய மணலுக்குக் குறைந்த பவுன்சும் ஏற்றவை. இந்த அறிவு அதிகம் இருப்பது மைதானத்தை அன்றாடம் மிதிப்பவர்களிடம். ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடியாக இருந்து ஆட்டம் கற்ற அலி ஷேர் 1991-இலும் 1993-இலும், பெங்களூரில் அவ்வாறே தொடங்கிய சி. முனியப்பா 2009-இலும் இந்தியன் ஓபனை வென்றிருக்கிறார்கள். பந்து கிடக்கும் கிடையைப் பார்த்து மட்டையை எடுத்துக்கொடுப்பது கேடியின் வேலையில் பாதி. அந்தப் பாடம் எந்த விலைப்பட்டியலிலும் இல்லை.

மூன்றாவது, எண்ணிக்கை. விதிப்படி ஒரு பையில் 14 மட்டைகள்தான் இருக்கலாம். வெட்ஜுகளுக்கு இடையே 4 முதல் 6 டிகிரி லாஃப்ட் இடைவெளி இருந்தால் தூரங்களில் ஓட்டை விழாது. பிட்சிங் வெட்ஜ் 46 என்றால் அடுத்து 50, 54, 58 என்றோ, ஒன்றைக் குறைத்து 52, 58 என்றோ அமைக்கலாம். எல்லாவற்றிலும் ஒரே பவுன்ஸ் வேண்டியதில்லை. மணலுக்குப் போகும் மட்டையில் 12-ம், இறுகிய தரைக்கு எடுக்கும் மட்டையில் 6-ம் வைத்துக்கொண்டால் பை இரண்டு பருவத்துக்கும் தயார். பல ஊர் மைதானங்களில் ஆடுபவர், தன் வீச்சைப் பற்றி இன்னும் உறுதியில்லாதவர், புதிதாகத் தொடங்குபவர் ஆகிய மூவருக்கும் 8 முதல் 10 டிகிரிவரையுள்ள நடுத்தரமே பாதுகாப்பானது. பெரிய ஆட்டக்காரர் பயன்படுத்துகிறார் என்பதற்காக 60 டிகிரி லாஃப்ட், 4 டிகிரி பவுன்ஸ் மட்டையை வாங்குவது தொடக்கக்காரருக்கு வீண் செலவு. அந்த மட்டை பிழையை மன்னிக்காது.

விருத்தாசலத்தில் தகட்டின் சாய்வு தவறினால் நட்டம் ஒரு பொம்மையோடு முடிந்துவிடும். சுடாத களிமண் என்பதால் அதையும் மறுபடி கரைத்துக் கூழில் சேர்த்துவிடலாம். வெட்ஜில் தவறிய சாய்வு ஒவ்வொரு அடியிலும் கூடவே வரும். எனவே கடை விரிப்பின் மேல் அடித்துப் பார்த்து வாங்குவது பாதித் தேர்வுதான். வழக்கமாக ஆடும் மைதானத்தில், அந்தப் புல்லிலும் அந்த மணலிலும், இரவல் மட்டைகளால் இரண்டு மூன்று பவுன்சை அடித்துப் பார்த்த பிறகே பணம் கொடுப்பது நல்லது.