அட்டவணையில் இல்லாத சேவையகம்

1974இல் ஐபிஎம் நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் முன்வைத்த வினவல் மொழிதான் இன்று எஸ்கியூஎல் என்று வழங்குகிறது. அதன் தொடரமைப்பு ஆங்கில ஏவல் வாக்கியத்தின் அச்சில் வார்க்கப்பட்டது. 'தேர்ந்தெடு' என்ற வினை முதலில் வரும்; எதிலிருந்து, எந்த நிபந்தனையின்படி என்பன பின்னால் வரும். ஆனால் அவ்வினவலுக்குப் பொருள்கொள்ளும் வரிசை நேர்மாறானது. முதலில் அட்டவணை, அடுத்து நிபந்தனை, அதன் பிறகே தேர்வு. 'இவ்வட்டவணையில், இந்நிபந்தனைக்கு உட்பட்டவற்றை, எடு' என்னும் தமிழ்த் தொடரின் வரிசையே அது. தமிழ் மாணவர்களுக்கு இம்மொழியைக் கற்பிப்போர் இவ்வொற்றுமையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இம்மொழிக்கு மற்றோர் இயல்பும் உண்டு. எது வேண்டும் என்று சொன்னால் போதும். அதை எங்கே, எவ்வாறு தேடுவது என்பது கேட்பவரின் கவலையன்று. இந்த வசதி எவ்வளவு தூரம் செல்லும் என்பதை, கொச்சியின் இடப்பள்ளியில் ஒரு சிறு நிறுவனத்தில் பணிபுரியும் நாகர்கோவில் பொறியாளர் ஒருவர் ஒரு மனிதரின் வேலையை முன்னிட்டு அறிய நேர்ந்தது.

மருத்துவமனைகளுக்கு முன்பதிவுச் சேவை வழங்கும் நிறுவனம் அது. அதன் சேவையகங்கள் அமேசானின் மேகக் கணிமையில் இயங்குகின்றன. அவற்றின் சுமை நிமிடத்துக்கு ஒருமுறை கிளவுட்வாட்ச்சில் பதிவாகிறது. இவ்வளவுகளை வரைபடமாகப் பார்ப்பதே வழக்கம். 2019 நவம்பரில் அறிவிக்கப்பட்ட ஒரு வசதியோ அதீனா என்னும் வினவற்பொறியைப் பிற தரவு மூலங்களோடு இணைத்தது. இடையில் நிற்பது இணைப்பி. லாம்ப்டா என்னும் சேவையில் ஓடும் சிறு நிரல். அது கிளவுட்வாட்ச்சை இரண்டு அட்டவணைகளாகக் காட்டும். ஒன்று எந்தெந்த அளவுகள் உள்ளன என்ற பட்டியல், மற்றொன்று அவற்றின் மதிப்புகள். உண்மையில் அங்கே அட்டவணை எதுவும் இல்லை. வினவல் வரும்போது இணைப்பி கிளவுட்வாட்ச்சிடம் கேட்டு, கிடைத்ததை வரிசைகளாக அடுக்கித் தருகிறது. மொழிபெயர்ப்பாளர் என்றே அதனைச் சொல்லலாம். மூலத்தில் இருந்தும் தன்னிடம் வந்து சேராததைப் பற்றி வாய் திறக்காத மொழிபெயர்ப்பாளர்.

ஒரு திங்கட்கிழமை காலை, வெளிநோயாளர் நெரிசலில், முன்பதிவு பதினொரு நிமிடங்கள் முடங்கியது. இரவுப்பணி முடியும் தறுவாயில் இருந்த ஒப்பந்த ஊழியர், அலுவலகமே 'சேட்டன்' என்றழைக்கும் ஐம்பது வயதுக்காரர், தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார்: 8.52க்குச் சுமை 98 விழுக்காடு, 8.55க்குப் புதிய சேவையகம் சேர்க்கப்பட்டது, 9.03க்குச் சீரானது. அச்சேவையகத்தின் நீண்ட அடையாள எண்ணையும் பேனாவால் எழுதியிருந்தார். அன்று மாலையே அது நீக்கப்பட்டது.

மூன்று மாதங்கள் கழித்து மருத்துவமனை இழப்பீடு கேட்டபோதுதான் விசாரணை தொடங்கியது. மேலாளரின் மேசைக்குச் சென்ற வினவல் முடிவில் அம்மணிநேரத்தின் சராசரிச் சுமை 41 விழுக்காடு. சேட்டன் சேர்த்ததாகச் சொன்ன சேவையகம் பட்டியலிலேயே இல்லை. சுமை ஏறவில்லை, சேவையகமும் சேர்க்கப்படவில்லை, ஆகவே குறிப்பேடு பிறகு எழுதப்பட்டது என்று முடிவுகட்டப்பட்டது. ஒப்பந்தம் அம்மாதத்தோடு முடியவிருந்தது.

பொறியாளர் முதலில் நினைவின் ஆயுளைப் பார்த்தார். கிளவுட்வாட்ச் ஒரு நிமிடப் பதிவுகளை 15 நாள்களே அவ்வண்ணம் வைத்திருக்கும். பின்னர் ஐந்து நிமிடத் தொகுப்பாக 63 நாள்கள். அதன்பின் ஒரு மணிநேரத் தொகுப்பாக 455 நாள்கள். மூன்று மாதங்களுக்கு முந்தைய நிமிடம் இப்போது நிமிடமாக இல்லை. பதினொரு நிமிடங்கள் 98, எஞ்சிய நாற்பத்தொன்பது நிமிடங்கள் 28 என்றால் சராசரி 41க்குச் சற்றுக் குறைவு. மேலாளரின் எண்ணும் அதுதான். ஒரு தொகை மதிப்பு குறிப்பேட்டை மெய்ப்பித்துவிடாது, ஆனால் பொய்ப்பிக்கவும் இல்லை.

இது கணிப்பொறிக்கு மட்டும் உரிய மறதியன்று. மட்டாஞ்சேரிக்கு எதிரே வில்லிங்டன் தீவிலுள்ள அலைமானியின் கடல்மட்டத் தொடர் 1939 முதல் கிடைக்கிறது. கடல்மட்ட உயர்வை ஆராய்வோர் அதன் மாதச் சராசரிகளையே பெரிதும் எடுத்தாள்வர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கொச்சி அலைமானியிலும் பதிந்தது. மாதச் சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு அந்நாள் கண்ணில் படாது.

நல்வாய்ப்பாக, தொகுக்கும்போது கிளவுட்வாட்ச் சராசரியோடு நிற்பதில்லை. பெருமம், சிறுமம், கூட்டுத்தொகை, பதிவு எண்ணிக்கை ஆகியவற்றையும் மணிநேரத்துக்குக் காத்துவைக்கிறது. வினவலில் புள்ளிவிவர வகையைப் 'பெருமம்' என மாற்றியதும் 98 வந்தது. எந்த மணிநேரம் என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. பதிவுகள் உலகப் பொது நேரத்தில் உள்ளன; இந்திய நேரம் அதனினும் ஐந்தரை மணி முந்தியது. அந்த அரை மணியால், அங்கே 3 முதல் 4 வரையுள்ள தொகுப்பு இங்கே காலை 8.30 முதல் 9.30 வரை. 9 மணித் தொகுப்பு என்று தேடுபவருக்கு அப்படியொன்று கிடைக்காது.

நீக்கப்பட்ட சேவையகம்தான் எஞ்சியது. இணைப்பி பட்டியலைக் கிளவுட்வாட்ச்சிடம் கேட்டே பெறுகிறது. இரண்டு வாரங்களாகப் பதிவு அனுப்பாத எதையும் கிளவுட்வாட்ச் பட்டியலில் சொல்வதில்லை. மதிப்புகள் அழிந்துவிடவில்லை, பெயர் சொல்லிக் கேட்டால் தரும். பெயர் தெரியாதவருக்குத்தான் அது இல்லாத பொருள். தமிழ் இலக்கணத்தில் வேற்றுமைத்தொகையில் உருபு மறைந்திருக்கும், பொருள் மறைவதில்லை, படிப்பவர் விரித்துக்கொள்வார். எஸ்கியூஎல் அட்டவணைக்கு அத்தகைய விரிப்பு இல்லை. வெற்று விடை 'இல்லை' என்றும் பொருள்படும், 'என் கைக்கு எட்டவில்லை' என்றும் பொருள்படும். இரண்டுக்கும் வடிவம் ஒன்றே.

"சேட்டா, அந்தக் குறிப்பேட்டைத் தாருங்கள்" என்று கேட்டு வாங்கிய பொறியாளர், இணைப்பியை விலக்கிவைத்து, பேனா எழுத்திலிருந்த அடையாள எண்ணைக் கொண்டு கிளவுட்வாட்ச்சை நேரே வினவினார். அதே மணிநேரத்தில் நிலையான சேவையகத்தின் பதிவு எண்ணிக்கை 60, இதனுடையது 34. நிமிடத்துக்கு ஒரு பதிவு என்பதால் 9.30க்கு முன் முப்பத்துநான்கு நிமிடங்கள், அதாவது 8.56 முதல். சேர்த்ததாகக் குறிப்பேடு சொன்ன நேரம் 8.55, எழுந்து முதல் பதிவை அனுப்ப ஒரு நிமிடம்.

மேலாளர் இரண்டு எண்களையும் சிறிது நேரம் பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டித்தார். வருத்தம் தெரிவித்ததாகச் செய்தி இல்லை. இப்போது அந்நிறுவனத்தில் பத்து நாள்களுக்கு ஒருமுறை ஒரு வினவல் தானாக ஓடி, நிமிடப் பதிவுகளை அவை கரைவதற்கு முன் வேறொரு சேமிப்பகத்துக்குப் படியெடுக்கிறது. நீக்கப்படும் சேவையகங்களின் பெயர்களும் அதில் சேர்கின்றன. சேட்டன் குறிப்பேட்டில் எழுதுவதை நிறுத்தவில்லை.