அழுத்தம் என்ற சொல்

சென்ற மாதம் ஒரு நாள் இரவு செகந்திராபாத்திலிருந்து அம்மா அழைத்தார். பார்க்கின்சன் நோய் குறித்து உறவினர் ஒருவர் அனுப்பிய தமிழ்க் கட்டுரையைப் படித்திருக்கிறார். "ஏம்மா, அழுத்தத்தாலதான் மூளை செல் சாகுதுன்னு போட்டிருக்கே. நான் உங்கப்பாகிட்ட ஓயாம சண்டை போட்டேனே, அதனாலயா?"

கட்டுரையில் இருந்தது 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்ற தொடர். அம்மா பின்னொட்டிய சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டுவிட்டார். நான் கலைச்சொல்லாக்கம் பற்றிக் கருத்தரங்குகளில் பேசியவள். ஒரு மொழிபெயர்ப்பு ஒருவரை இப்படிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

என் ஆய்வு பார்க்கின்சன் நோயாளரின் பேச்சொலி பற்றியது. அப்பாவுக்காக எடுத்த தலைப்பு என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியன்று. தலைப்பு பதிவாகி ஓராண்டு கழிந்தபின்தான் அவருக்கு நோய் உறுதியானது. மொழியியல் முதுகலை படித்த எனக்கு உயிர்வேதியியலோடு அதுவரை உறவே இல்லை. அதன்பின் படிக்காமல் இருக்க முடியவில்லை.

மைட்டோகாண்ட்ரியா என்ற பெயரைக் கார்ல் பெண்டா 1898-இல் இட்டார். கிரேக்கத்தில் இழை, மணி என்னும் இரு சொற்களின் சேர்க்கை அது. தமிழில் 'இழைமணி' என்றது அழகான ஆக்கம். அதன் உள்சவ்வில் எலக்ட்ரான்கள் ஒரு புரதத் தொகுதியிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிச் செல்கின்றன. முடிவில் ஆக்சிஜன் அவற்றை ஏற்று நீராகிறது. இடைவழியில், குறிப்பாக முதலாம், மூன்றாம் தொகுதிகளில், சில எலக்ட்ரான்கள் தப்பி ஆக்சிஜனோடு முறையற்றுச் சேரும். அப்போது பிறக்கும் சூப்பராக்சைடை அடக்க உயிரணுவிடம் நொதிகள் உண்டு. அவற்றின் திறனை மீறி இந்த உற்பத்தி பெருகும்போது கொழுப்பும் புரதமும் டிஎன்ஏவும் சிதைகின்றன. அழுத்தம் என்று சொல்லப்படுவது இந்தச் சமநிலைக் குலைவைத்தான். கணவன் மனைவி பூசலுக்கு அதில் இடமில்லை.

மூளையின் எடை உடலில் ஏறத்தாழ 2 விழுக்காடு; அது செலவிடும் ஆக்சிஜனோ ஏறத்தாழ 20 விழுக்காடு. இருந்தும் நடுமூளையின் கருநிறப் பகுதியிலுள்ள டோபமைன் நரம்பணுக்கள் ஏன் இவ்வளவு எளிதாக மடிகின்றன? அங்குள்ள ஒரே அணு பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் தாங்குகிறது என்பது ஒரு மதிப்பீடு. ஓய்வின்றித் தானே துடிக்கும் இயல்பு வேறு. போதாததற்கு டோபமைனே ஆக்சிஜனேற்றமடைந்து நச்சாகக்கூடியது. அத்தனை வேலைக்கும் இழைமணிகள்தாம் ஆற்றல் தரவேண்டும்.

இதற்கு மறுக்கமுடியாத சான்று தற்செயலாகக் கிடைத்தது. 1982-இல் கலிபோர்னியாவில் திருட்டுத்தனமாகத் தயாரித்த போதைமருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர் சிலர், சில நாள்களிலேயே முதிர்ந்த பார்க்கின்சன் நோயாளர்போல் உறைந்துபோயினர். வில்லியம் லாங்ஸ்டன் குழுவினர் தேடிக் கண்டது, மருந்தில் கலந்திருந்த எம்பிடிபி என்ற கலப்படம். மூளைக்குள் அது உருமாறி, டோபமைன் அணுக்களுக்குள் மட்டும் புகுந்து, இழைமணியின் முதலாம் தொகுதியை அடைத்துவிடுகிறது. நஞ்சு எதையும் உட்கொள்ளாத நோயாளரின் மூளையிலும் அதே தொகுதி நலிந்திருப்பது 1989-இல் தெரியவந்தது.

இவ்வளவையும் அம்மாவிடம் சொல்லவில்லை. "அது வேற அழுத்தம்மா, துரு பிடிக்கிற மாதிரி" என்றேன். உவமை அரைகுறைதான், அன்று அது போதுமாயிருந்தது. "சத்தியமாத்தானே சொல்றே?" என்று இருமுறை கேட்டார்.

ஆனால் துரு என்றதும் அடுத்த கேள்வி வந்துவிட்டது: "அப்ப அந்தக் கேப்சூல் நல்லதுதானே?"

கோஎன்சைம் க்யூ10. யாரோ சொல்லி, மருத்துவரின் லெவோடோபாவுக்கு மேல், மாதந்தோறும் அப்பாவின் ஓய்வூதியத்தில் கணிசமான பகுதியைக் கொடுத்து அம்மா வாங்குகிறார். கருத்தளவில் நியாயமானது; எலக்ட்ரான் சங்கிலியில் அந்த மூலக்கூறுக்கு உண்மையிலேயே பங்குண்டு. ஆனால் 600 நோயாளர் பங்கேற்ற பெரிய சோதனை, பயனில்லை என்று கண்டு 2011-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. 1993-இல் வெளியான, 800 பேரிடம் நடந்த சோதனையில் வைட்டமின் ஈ-யும் அவ்வாறே தோற்றது. நோயறிகுறி தெரியும் முன்பே அணுக்களில் பெரும்பங்கு போய்விடுகிறது என்பது ஒரு காரணமாகலாம். நெருப்புக்குப் பின் வந்த நீர் என்று சொல்லத் தோன்றுகிறது. நெருப்பே வேறிடத்திலும் இருக்கலாம்.

இந்த முடிவுகளை நான் படித்து எட்டு மாதமாகிறது. சொல்லாமலே இருந்தேன். காலையில் அந்த ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுப்பது மட்டுமே தன்னால் ஆன சிகிச்சை என்று அம்மா நம்பியிருந்தார். அன்று சொன்னேன். அடுத்த முறை மருத்துவரிடமும் கேட்டுவிட்டு நிறுத்திவிடலாம் என்றேன்.

மறுமுனையில் அமைதி. பின்னணியில் அப்பா ஏதோ சொன்னார், எனக்கு விளங்கவில்லை. தன் குரல் தாழ்ந்திருப்பது இந்நோயாளருக்குத் தெரியாது என்று என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் எழுதியிருக்கிறேன். "என்னப்பா?" என்று மீண்டும் கேட்டேன். "உனக்குக் காதுல கோளாறு, காட்டு" என்றார். அம்மா சிரித்துவிட்டார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்: "இன்னும் ரெண்டு அட்டை இருக்கு. அத மட்டும் குடுத்து முடிச்சிடறேன்."