குர்துபாவில் ஒரு பகல்

கோர்டோபா என்று ஸ்பெயின்காரர் சொல்லும் ஊரை நம் பெரியவர்கள் குர்துபா என்றே அறிவர். காலையிலேயே அந்தப் பெரிய பள்ளிவாசலுக்குள் நுழைந்துவிட்டேன். சிவப்பும் வெள்ளையுமான இரட்டை வளைவுகள். தாங்கி நிற்பவை 850க்கும் மேற்பட்ட தூண்கள். முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கிய கட்டடம் இது. 1236இல் நகரம் கைமாறியதும் தேவாலயமாயிற்று. 1523இல் நடுவே இடித்துப் பேராலயம் எழுப்பத் தொடங்கினார்கள்.

மிஹ்ராபுக்கு முன்னே கம்பித் தடுப்பு. பொன் மொசைக்கில் குர்ஆன் வசனங்கள். முஸ்லிம்கள் இங்கே தொழ அனுமதியில்லை என்பது தெரிந்துதான் போயிருந்தேன். ஆயினும் கைகள் தாமாகவே உயரப் பார்த்தன. சட்டென்று சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன். விருந்தாளியின் மரியாதையா, வெறும் பயமா? இன்னும் எனக்கு விளங்கவில்லை.

பகலுணவுக்குச் சந்தொன்றிலிருந்த சிறு கடை. சல்மொரேஹோ கேட்டேன்: தக்காளி, பாண், வெள்ளைப்பூடு, ஒலிவ் எண்ணெய் சேர்த்து அரைத்துக் குளிரவைத்த கெட்டிக் கூழ். அவித்த முட்டையுடன் பன்றியிறைச்சித் துணுக்கும் தூவுவது அவ்வூர் வழக்கம். "ஹாமோன் வேண்டாம்" என்றேன். பரிமாறிய முதியவர் தலையசைத்து, முட்டையை மாத்திரம் இட்டுவந்தார். கூடவே பொரித்த கத்தரிக்காய், மேலே கரும்புப் பாகு. அதற்கு அவர் சொன்ன பெயர் 'பெரென்ஹேனா'. அரபியின் பாதின்ஜான்தான்! எண்ணெய்க்கு 'அஸெய்த்தே', அதுவும் அஸ்ஸைத். அவர் அறிந்து சொன்னாரோ என்னவோ, எனக்குச் சாப்பாடு இனித்தது.

அறைக்குத் திரும்பி, ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழ எழுந்தேன். கைத்தொலைபேசி கிப்லாவைக் கிழக்கை ஒட்டிக் காட்டிற்று. அந்த மிஹ்ராபோ தெற்கை ஒட்டியல்லவா பார்த்தது? சற்றுநேரம் விரிப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு கிழக்கே விரித்தேன்.