யாருக்குப் பரிசு?

பரிசுகள் பெருகியிருக்கும் காலம் இது. கதைக்குப் பரிசு, பாட்டுக்குப் பரிசு, பந்தயத்துக்கும் பரிசு. யூத சமயச் சிந்தனையில் மாற்றுக் கருத்துக்கும் இடம் தருகிற திறந்த மனத்துக்குப் பரிசு வழங்குகிறார்கள் என்று அறிந்தபோது மகிழ்ந்தேன். கூடவே ஒரு கேள்வியும் எழுந்தது. திறந்த மனத்தை எதைக் கொண்டு அளப்பது?

யூதர்களின் தால்முத் நூலிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. ஹில்லேல், ஷம்மாய் என்ற இரு ஆசிரியர்களின் வழிவந்தவர்கள் ஓயாமல் வாதாடினார்கள். முடிவில் ஹில்லேல் வழியினரின் கருத்தே சட்டமாயிற்று. காரணம்? அவர்கள் பணிவுள்ளவர்கள், தங்கள் கருத்தைச் சொல்லுமுன் எதிர்த்தரப்பின் கருத்தை எடுத்துச் சொன்னவர்கள்.

இது நமக்குப் புதிய சங்கதி அல்ல. புதுக்கோட்டைச் சீமையில் திருமெய்யத்துக்குப் போயிருக்கிறீர்களா? ஒரே குன்றைக் குடைந்து சிவனுக்கு ஒரு கோயில். திருமாலுக்கு ஒரு கோயில். குன்றுக்கு வேற்றுமை தெரியவில்லை, மனிதர்களுக்குத் தெரிந்தது! வருமானப் பங்கு பற்றி நெடுநாள் வழக்கு. 1245-இல் ஹொய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில் இருதரப்பாரும் கூடி அதைத் தீர்த்துக்கொண்டதைக் கல்வெட்டு சொல்கிறது. அந்தப் பாறையடியில் நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான்: அயலாரை வரவேற்பது எளிது, அண்டையிலேயே இருப்பவனுக்கு அவன் பங்கைக் கொடுப்பதுதான் கடினம்.

கொச்சி யூதர்களின் கதையும் இதையே சொல்கிறது. சுமார் 1000-ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குப் பல்லக்கு, குடை, பகல் விளக்கு முதலிய உரிமைகளை வட்டெழுத்துச் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தான். அந்தச் செப்பேட்டைப் போற்றிக் காத்த மட்டாஞ்சேரிப் பரதேசி ஜெபாலயத்திலோ, அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களின் சந்ததிக்குச் சமமாக உட்கார இடமில்லை!

அந்தச் சந்ததியில் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). சென்னையில் சட்டம் பயின்ற வக்கீல், தேசியவாதி, கொச்சி சட்டசபை உறுப்பினர். மனம் கசந்து அவர் மதத்தை உதறிவிடவில்லை. காந்தியடிகள் அந்நிய ஆட்சியிடம் கையாண்ட சத்தியாக்கிரகத்தைத் தம் சொந்த ஜனங்களிடமே கையாண்டார். மெல்ல மெல்லத் தடைகள் தளர்ந்தன.

பரிசு கொடுக்கும் உரிமை என்னிடம் இருந்தால் அவருக்குத்தான் கொடுப்பேன். ஊருக்கெல்லாம் நியாயம் பேசிவிட்டு, வீட்டுக்குள் வந்ததும் வாயை மூடிக்கொள்கிறவர்கள் நம்மில் அநேகம். அவர் சொந்தச் சபையில், உற்றார் முகத்துக்கு நேரே நின்று நியாயம் கேட்டார்.