விளக்கொளியில் வளரும் இலைகள்

வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத திருச்சிராப்பள்ளிச் சீமையில், அதிலும் அக்கினி நட்சத்திரத்தில் பாறையெல்லாம் கொதிக்கும் திருவெறும்பூரில் குடியிருந்துகொண்டு, வீட்டுக்குள் மின்விளக்கைத் தொங்கவிட்டுப் புதினாவும் கொத்தமல்லியும் வளர்ப்பது வீண் ஆடம்பரம் என்று அபிப்பிராயப்படுவோர் உண்டு. ஆனால், வெயில் ஊருக்குத்தான் உண்டே தவிர, அடுக்குமாடியின் வடக்குப் பார்த்த சமையலறைக்கு இல்லை என்பதையும், மொட்டை மாடியில் விதைத்த கொத்தமல்லி அந்த உஷ்ணத்தில் நாலு கொத்து இலை விடுமுன்னே பூவெடுத்துவிடுகிறது என்பதையும் கண்டவர்கள் அவ்விதம் சொல்லத் துணியமாட்டார்கள்.

இதில் நம்மை ஏமாற்றுவது நம்முடைய கண்தான். உச்சிவெயிலின் அளவு ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் என்றால், புத்தகம் படிக்கத் தாராளமாகப் போதுகிற அறையில் 300 முதல் 500 லக்ஸ்தான் இருக்கும்; கண்ணின் பாவை விரிந்தும் சுருங்கியும், விழித்திரை தன்னைப் பழக்கிக்கொண்டும் இந்தப் பெரும் வித்தியாசத்தை நமக்குத் தெரியாமல் மறைத்துவிடுகின்றன. இலைக்கு அத்தகைய சமாதானம் எதுவும் கிடையாது. ஒளி அதற்கு ஆகாரமாதலால், குறைந்த அளவுக்குக் குறைந்த வளர்ச்சியே காட்டி, தண்டு வெளிறி நீண்டு, ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து, தன் பட்டினியைப் பிரத்தியட்சமாக நமக்குச் சொல்கிறது.

எங்கள் வட்டாரத்தில் விளக்கைத் தொங்கவிட ஓர் இரும்புச் சட்டம் செய்துகொள்வது சிரமமான காரியமே அல்ல. துவாக்குடிப் பக்கத்து வெல்டிங் பட்டறைகளில் மிஞ்சிக் கிடக்கும் ஆங்கிள் துண்டுகளை இணைத்து, இரண்டு தட்டு வைத்து, தட்டுக்கு ஒன்றாக மேலே 20 வாட் எல்.இ.டி. பட்டைகள் இரண்டைச் சங்கிலியில் தொங்கவிட்டால் போதும். சங்கிலிதான் முக்கியம், ஒளி தூரம் செல்லச் செல்ல விரைவில் மெலிந்துபோவதால், முளைக்கு ஒரு சாண் உயரத்தில் விளக்கு நிற்க வேண்டும், செடி வளர வளர அதையும் உயர்த்த வேண்டும். எறும்பு உருவில் ஏறிவந்த தேவர்களுக்காகத் தலை சாய்த்துக் கொடுத்தார் எங்கள் மலைமேல் இருக்கும் எறும்பீசுவரர் என்பது ஸ்தல புராணம்; சிறியதிடம் பெரியது இறங்கிவர வேண்டும் என்ற அந்த நியாயம் இங்கேயும் பொருந்துகிறது.

ஊதா நிறம் வீசும் விசேஷ விளக்குகளும் விற்கிறார்கள். இலை சிவப்பையும் நீலத்தையும் மிகுதியாக ஏற்கிறது என்பது வாஸ்தவமே. ஆயினும் அந்த நிறத்தில் இலையின் பழுப்போ பூச்சியோ கண்ணுக்குத் தெரிவதில்லை; ஆகவே வெள்ளை விளக்கே உத்தமம். நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரித்தால் மாதத்துக்குப் பதினான்கு யூனிட்டுக்குச் சற்று அதிகமாகச் செலவாகும். இரவில் அவசியம் அணைத்துவிட வேண்டும். பகலில் சேர்த்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி வளர்ச்சிக்குச் செலவிடும் வேலை இலைக்கு இருட்டில் இருக்கிறது.

இனி தட்டில் வைக்கும் செடிகள்: கடையில் வாங்கிய புதினாவின் இலையைக் கிள்ளிவிட்டுக் காம்பை ஊன்றினாலே வேர் பிடிக்கும். தனியாவை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். வல்லாரை ஈரம் இருந்தால் திருப்தியடையும். கற்பூரவல்லியோ நேர்மாறானது, தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும்.

மின்னொளியால் செடி வளருமா என்று வில்லியம் சீமென்ஸ் 1880-இல் இங்கிலாந்தில் பரிசோதித்து, வளரும் என்று காட்டினார். அந்தச் செய்தியைவிட என் மனத்தை அதிகமாகக் கவர்வது இதே ஊரின் சரித்திரம். செக்கோஸ்லோவாகியாவின் ஒத்துழைப்போடு அமைந்து 1965-இல் உற்பத்தி தொடங்கிய பெல் தொழிற்சாலையின் கொதிகலன்கள் நாட்டின் அனல் மின்நிலையங்கள் பலவற்றில் நிலக்கரியை எரித்து நீராவி எழுப்புகின்றன. அந்த நிலக்கரியோ கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தழைத்த தாவரங்கள் சூரியனிடம் பெற்றுப் பூமிக்குள் புதைத்துவைத்த சக்தி. ஆகவே, என் புதினா உண்பதும் பெரும்பாலும் சூரிய ஒளியேதான், மிகப் பழைய ஒளி. அதை மீட்டுத் தருவதில் இவ்வூர்த் தொழிலாளிகளின் கை இருக்கிறது என்று எண்ணும்போது எனக்குப் பெருமிதமே உண்டாகிறது. அத்தனை அரும்பாடுபட்டு வந்த ஒளியை, எளிதில் வெயிலில் வளரும் செடிக்கு வீணாக்கக் கூடாது என்பதும் என் தீர்மானம். எனவே துளசியை மட்டும் நான் தட்டில் ஏற்றவில்லை. தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கனுக்காக நந்தவனத்தில் பேணிய அந்தச் செடிக்குத் திறந்த வெளியும் நல்ல வெயிலும்தான் பிடித்தவை; அது மொட்டை மாடித் தொட்டியில் செழிப்பாக இருக்கிறது.