வீட்டில் ஒரு வாத்தியக் குழு

பகல் முழுவதும் அலுவலகத்திலோ கடையிலோ கழிந்த பின்னர், அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கிற்றாரை மடியில் எடுத்து வைக்கும் மனிதருக்குக் கிடைப்பது இரவில் ஒரு மணிநேரம். அந்நேரத்தில் அவருக்குத் துணை வாசிக்க எவரும் இரார். சுரக்கூட்டுக்களை மீட்டிக்கொண்டிருக்கும் வரை இக்குறை தோன்றுவதில்லை. தனிச் சுரங்களாக ஒரு மெட்டை எடுத்ததும் அதன் அடியில் நின்ற சுரக்கூட்டு மறைந்துவிடுகிறது. சுரக்கூட்டுக்குத் திரும்பினால் மெட்டு நின்றுவிடுகிறது. பியானோ வாசிப்பவர் இடக்கையை அடிச்சுரங்களுக்கும் வலக்கையை மெட்டுக்குமாகப் பங்கிட்டுக் கொள்ளலாம். கிற்றாரிலோ ஒரு சுரம் பிறப்பதற்கே இரு கைகளும் வேண்டும். விரல்வாசிப்பில் மிகத் தேர்ந்த சிலர் இந்தத் தடையைத் தாண்டியிருக்கின்றனர். ஏனையோருக்குத் துணை என்பது ஆடம்பரமன்று, தேவை.

அத்தேவையைத் தன்னந்தனியே தீர்த்துக்கொள்ள முனைந்தவர்களுள் அமெரிக்கக் கிற்றார் கலைஞர் லெஸ் போல் (1915–2009) முதன்மையானவர். ஹொலிவூட்டில் தம் வீட்டோடு இருந்த கராஜை ஒலிப்பதிவுக் கூடமாக்கி, ஒரு கிற்றாரை இசைத்தட்டிலே பதிந்து, அத்தட்டை ஓடவிட்டபடி இரண்டாவது கிற்றாரை வாசித்து, இரண்டையும் சேர்த்து வேறொரு தட்டிலே பதிந்தார். 1948 ஆம் ஆண்டு வெளிவந்த 'லவர்' என்னும் இசைத்தட்டிலே இவ்வாறு எட்டுக் கிற்றார்கள் ஒலிக்கின்றன. எட்டும் அவர் வாசித்தவையே. பின்னர் ஒலிநாடாவுக்கு மாறியபோது வேலை எளிதாயிற்று, ஆனால் ஆபத்து மிகுந்தது. தட்டிலே பதிந்த காலத்தில் முந்திய தட்டு கையில் எஞ்சியிருந்தது. நாடாப்பொறியில் அவர் மேலதிகமாகப் பொருத்திய தலையோ பழைய ஒலியை எடுத்துக் கொடுத்ததும் அது நாடாவிலிருந்து அழிந்து, புதிய வாசிப்போடு கலந்து மீண்டும் பதிவாயிற்று. ஏழாம் அடுக்கில் ஒரு சுரம் பிசகினால் முதல் அடுக்கிலிருந்தே தொடங்கவேண்டும். வீட்டு வாத்தியக் குழுவின் முதல் உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே ஆளாக இருந்தார்கள். ஒருவர் தவறை மற்றவர் மூடிமறைக்க இயலாத குழு அது.

பொறி ஒன்றைத் துணைக்கு அழைக்கும் வழி 1959 ஆம் ஆண்டில் திறந்தது. வூலிற்சர் நிறுவனம் அவ்வாண்டு மரப்பேழை வடிவில் ஒரு தாளப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே சுழலும் தட்டொன்று மின்தொடுப்புகளை வரிசையாகத் தொட்டுச் செல்ல, வெற்றிடக் குழாய்கள் மேள ஒலியை எழுப்பின. அதற்கு இட்ட பெயர் 'சைட்மன்'. பக்கவாத்தியக்காரர் என்பதே அதன் பொருள். பெயரிட்டவர்கள் தாம் யாருடைய இடத்தைக் குறிவைக்கிறோம் என்பதை மறைக்கவில்லை என்றே கொள்ளவேண்டும். இத்தகைய பொறிகள் வீட்டு ஓர்கன் வாசிப்போருக்கென வந்தவை. அவற்றைக் கிற்றாரின் பக்கம் இழுத்தவர்களுள் ஒக்லஹோமாவைச் சேர்ந்த ஜே. ஜே. கேலின் பெயர் நினைவுக்குரியது. 1971 ஆம் ஆண்டின் 'நச்சுரலி' என்னும் அவரது முதல் இசைத்தட்டிலே சில பாடல்களுக்கு மேளக்காரர் இல்லை, தாளப்பொறியே ஒலிக்கிறது. அவர் அதை ஒளிக்கவுமில்லை. பொறியின் தட்டையான ஒலியையே ஒரு சுவராக்கி, அதிற் சாய்ந்தபடி அவசரமின்றிப் பாடினார்.

தாளம் கிடைத்தாயிற்று, சுரக்கூட்டும் அடிச்சுரமும் எங்கிருந்து வருவன? இவ்விடத்திலேயே கீபோட் வருகிறது. வீட்டு ஓர்கன்களில் வளர்ந்து 1980களில் கசியோ, யமஹா முதலிய யப்பானிய நிறுவனங்களின் சிறிய கீபோட்களிற் பரவிய தானியங்கித் துணைவாசிப்பு, கேட்பதற்கு மந்திரம்போல் இருப்பினும் தத்துவம் எளியது. பலகையின் இடப்பக்கத்திலே ஒரு சுரக்கூட்டை அழுத்தினால், எந்தக் கட்டைகள் அழுந்தின என்பதைக் கருவி பார்த்து அதன் பெயரை அறிந்துகொள்கிறது. நினைவிலே தயாராக உள்ள நடையொன்றை, அது வோல்ற்சோ பொசநோவாவோ, அச்சுரக்கூட்டுக்குரிய சுரங்களுக்கு மாற்றி ஒலிக்கிறது. பேஸ், மேளம், நரம்பிசை யாவும் ஒரு விரலின் பின்னால் ஓடுகின்றன. நடையைத் தொடக்க ஒரு பொத்தான். இடையிலே மேளத்தை உருட்ட ஒரு பொத்தான். நிறைவு செய்ய மற்றொன்று. எங்கே முடிக்கவேண்டும் என்பதை அறியாவிடினும் எப்படி முடிக்கவேண்டும் என்பதை இப்பெட்டி நன்கு அறியும்.

ஆயினும் இங்கே ஒரு வேடிக்கை உண்டு. சுரக்கூட்டை அழுத்த ஒரு கை வேண்டும். கிற்றார்காரருக்கோ அந்தக் கை இல்லை. குழு முழுவதும் ஆயத்தமாக நிற்கிறது, அதற்கு ஆணையிட வேண்டியவரின் இரு கைகளும் கட்டுண்டிருக்கின்றன. சிலர் பாட்டின் சுரக்கூட்டு வரிசையை முன்கூட்டியே கருவியின் நினைவிற் பதித்துவிட்டு, அதை ஓடவிட்டு வாசித்தனர். சிலர் காலால் இயக்கும் மிதிகளைத் தேடினர். 1983 ஜனவரியிற் கலிபோர்னியாவில் நடந்த வாத்தியக் கண்காட்சியிலே இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிந்தசைசர்கள் ஒரே வடத்தால் இணைக்கப்பட்டு, ஒன்றை வாசிக்க மற்றதும் ஒலித்தது. 'மிடி' என வழங்கும் அப்பொதுமொழி ஒரு வடத்தின் வழியே பதினாறு தடங்களில் ஆணைகளை அனுப்ப வல்லது. ஒரு தடத்திற்கு ஒருவர் என வைத்தால் பதினாறு பேர் கொண்ட குழு ஒரு மேசையின் மீது அடங்கிவிடும். 1990 ஆம் ஆண்டிலே கனடாவிலிருந்து வந்த 'பான்ட் இன் எ பொக்ஸ்' என்னும் கணினிச் செய்நிரல் இன்னும் ஒருபடி சென்றது. சுரக்கூட்டுகளின் பெயர்களைத் தட்டச்சிட்டாற் போதும், குழு வாசித்தது.

கிற்றாரையே கீபோட்டாக மாற்றும் முயற்சியும் இல்லாமல் இல்லை. 1977 ஆம் ஆண்டிலே றோலண்ட் நிறுவனம் வெளியிட்ட கிற்றார் சிந்தசைசர் அவ்வகையில் முன்னோடியானது. ஒவ்வொரு தந்தியின் அதிர்வையும் தனித்தனியே எடுத்துச் சிந்தசைசருக்கு ஊட்டுவது இத்தகைய கருவிகளின் நெறி. பின்னாளில் அதிர்வை அளந்து மிடி ஆணையாக மாற்றும் வகை வந்தபோது இயற்கையே குறுக்கே நின்றது. கிற்றாரின் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 தடவை அதிர்கிறது. ஓர் அதிர்வு முடியவே நொடியின் ஆயிரத்திற் பன்னிரண்டு பங்கு கழிகிறது. சுரம் எதுவென்று உறுதிசெய்யப் பொறிக்கு ஓர் அதிர்வேனும் முழுமையாக வேண்டும்; பெரும்பாலும் அதற்கு மேலும் வேண்டும். ஆதலால் உயர்ந்த தந்தியில் உடனே எழும் ஒலி தாழ்ந்த தந்தியிற் சற்றுப் பிந்துகிறது. காது அதைத் தாமதம் என்று கணக்கிடாது. விரலுக்குத்தான் ஏதோ சேற்றிற் புதைவது போன்ற உணர்வு.

செலவில்லாத சிக்கல் ஒன்றையும் சொல்லவேண்டும். கீபோட்டைக் கிற்றாரின் ஒலிபெருக்கியிலேயே பொருத்திவிட்டு, "பெட்டி மங்கலாக ஒலிக்கிறது" என்று குறைகூறுவோர் பலர். கிற்றாருக்கென அமைந்த ஒலிபெருக்கி ஏறத்தாழ 5000 ஹேட்சுக்கு மேற்பட்ட ஒலியைப் பெரிதும் விழுங்கிவிடும். கிற்றாரின் கரகரப்புக்கு அது நன்மை. சிம்பலின் பளபளப்புக்கோ அதுவே சாவு. துணைக்குழுவுக்கு வேறு ஒலிபெருக்கி வேண்டும். அன்றியும், கீபோட் தரும் நரம்பிசையும் பியானோவும் கிற்றார் வாழும் அதே ஒலிப்பரப்பிலேயே வாழ்வன. அவற்றை நிறுத்திப் பேஸையும் மேளத்தையும் மட்டும் விட்டாலே மனிதர் நுழைய இடம் கிடைக்கும். காசு கொடுத்து வாங்கிய குழுவிலே பாதிப்பேரை வாய்மூடச் செய்வதற்கு மனம் வர நாளாகும்.

தொழில்முறைக் கலைஞர்கள் இப்பொறிகளை ஐயத்தோடு நோக்கியதில் வியப்பில்லை. 1982 மே மாதத்திலே பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய இலண்டன் கிளை, சிந்தசைசர்களையும் தாளப்பொறிகளையும் தடைசெய்யக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. சங்கம் முழுவதும் அதைக் கொள்கையாக ஏற்கவில்லை. கூலி இழந்தோரின் அச்சம் நியாயமானதே. ஆனால் வீட்டு அறையில் நிகழ்ந்தது கூலிப் பிரச்சினை அன்று. அங்கே எந்த மேளக்காரரும் கூலி பெற்றதில்லை. அங்கே வேறொருவர் இடம் இழந்தார்.

அவர் யார் என்பதை நமது இசைமரபு தெளிவாகக் காட்டும். 1970களின் பிற்பகுதியிலே பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்னும் பொறியியலாளர் மின்னணுச் சுருதிப்பெட்டியை உருவாக்கினார். மின்னணுத் தம்புராவும் தாளங்காட்டும் பொறியும் தொடர்ந்தன. சுருதி பிசகாத, தந்தி அறாத, பயணத்தில் உடையாத கருவிகள். சாதகம் செய்வோருக்கு அவை பேருதவி என்பதை மறுப்பவர் நன்றியற்றவர். எனினும் மேடையிலே வித்துவானின் முதுகுக்குப் பின்னால் அமர்ந்து தம்புரா மீட்டியவர் பெரும்பாலும் ஒரு சீடர். அவருடைய நான்கு தந்திகளுக்காக எவரும் அவரை அங்கே இருத்தவில்லை. அரைகுறையாகக் கற்றவர் முழுமையாகக் கற்றவரின் மூச்சுக்கு அருகே இரண்டு மூன்று மணிநேரம் இருப்பதற்கான இருக்கை அது. பெட்டி வந்ததும் தம்புரா ஒலி எஞ்சியது, இருக்கை எடுபட்டது.

கிற்றார் ஒலிக்கும் வீடுகளிலும் அத்தகைய இருக்கை இருந்தது. தாளம் தவறும் அயலவர், மூன்றே சுரக்கூட்டுத் தெரிந்த மைத்துனர், தீப்பெட்டியைக் குலுக்கும் தம்பி முதலியோரே வீட்டுக் குழுவினர். அவர்கள் மோசமாக வாசித்தனர். அந்த மோசத்தினூடாகவே கற்றனர். கிற்றார்காரரும் அவர்களைக் கேட்கக் கற்றார். ஓடுபவரை இழுத்துப் பிடிக்கவும் பிந்துபவருக்காகச் சற்று நிற்கவும் பழகினார். பெட்டி ஓடுவதுமில்லை, பிந்துவதுமில்லை. அதனோடு ஐந்தாறு ஆண்டு வாசித்தவர் காலக்கணக்கிலே கத்திபோலக் கூர்மை பெறுகிறார் என்பது உண்மை. அவரை ஒரு நாள் உயிருள்ள மேளக்காரரோடு இருத்தினால், அவர் எவருடைய முகத்தையும் பார்க்காமல் வாசிப்பதும் உண்மையே.

இந்த இழப்புக்குப் பரிகாரம் இசைஞர்கள் மிகவும் ஏளனம் செய்த மூலையிலிருந்தே சில வீடுகளில் வந்தது. மலிவான கீபோட்களிலே ஒற்றை விரல் முறை ஒன்று உண்டு. சுரக்கூட்டின் மூன்று சுரங்களும் வேண்டாம். அதன் பெயருக்குரிய ஒரே கட்டையை அழுத்தினால் பெரிய சுரக்கூட்டு முழுவதும் ஒலிக்கும். இதைச் சோம்பேறிகளின் வித்தை என்பர். ஆனால் கிற்றார்காரருக்குக் கையில்லை. மகளுக்கோ விரல் இருக்கிறது. ஸி, எவ், ஜி என்ற மூன்று கட்டைகளின் மேல் மூன்று நிறத் தாள்களை ஒட்டிவிட்டால், ஏழு வயதுக் குழந்தை அக்குழு முழுவதற்கும் தலைமை தாங்கலாம். பேஸும் மேளமும் அவள் விரல் நகரும் வரை அசையா. பாட்டின் நான்காம் வரியிலே ஜிக்குப் போகவேண்டிய இடத்தில் அவள் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெட்டி சிறிதும் சலிப்பின்றி ஸியிலேயே சுற்றுகிறது. தந்தை மெட்டை நிறுத்தி, அதே வரியின் கடைசிச் சுரத்தை நீட்டியபடி, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்.