நார்வே தந்த விசை

ஏழை நாடுகளின் முன்னேற்றத்திற்கு அறிவியல் என்ன செய்தது என்று கேட்டால், பசுமைப் புரட்சியையும் தடுப்பூசியையும் சொல்வது வழக்கம். குமரி மாவட்டக் கடற்கரையில் பிறந்த எனக்கோ, அந்தக் கேள்வி எழும்போதெல்லாம் கொல்லத்தை அடுத்த நீண்டகரைதான் நினைவுக்கு வருகிறது.

1952-இல் ஐக்கிய நாடுகள் அவை, இந்தியா, நார்வே ஆகிய மூன்றும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இரண்டாம் உலகப் போரில் ஐந்தாண்டுகள் அந்நியப் படையின்கீழ் அல்லலுற்று, அப்போதுதான் தலைநிமிர்ந்திருந்த சிறு நாடு நார்வே. வளரும் நாடொன்றில் அது மேற்கொண்ட முதல் உதவித் திட்டம் இதுவே. 1953-இல் நீண்டகரை, சக்திகுளங்கரை முதலிய மீனவ ஊர்களில் பணி தொடங்கியது. நலவாழ்வு நிலையமும் குழாய்க் குடிநீரும் பனிக்கட்டித் தொழிற்கூடமும் வந்தன. வந்தவர்களின் நோக்கத்தில் கள்ளம் இருந்ததாக நான் எண்ணவில்லை.

உள்ளூர் வள்ளங்களில் எந்திரம் பொருத்துவதுதான் முதல் எண்ணம். அவ்வள்ளங்கள் எந்திரத்திற்கு ஒத்துவரவில்லை. எனவே புதிய விசைப்படகுகள் கட்டப்பட்டன. அவற்றுக்குத் துறைமுகம் வேண்டும், முதல் வேண்டும், முதலுக்கு ஈடான வருவாயும் வேண்டும். அந்த வருவாயைத் தந்தது இறால். ஒரு காலத்தில் தென்னைக்கு உரமாகவும் இடப்பட்ட அந்த எளிய உயிரினத்தை, உறைபதனம் செய்து அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் அனுப்பலாம் என்று வணிகர் கண்டுகொண்டனர். கடலடியை வாரிவரும் இழுவலை பரவியது. ஏழைகளின் தட்டில் மீன் பெருக வேண்டும் என்று தொடங்கிய பணி, கடல்கடந்த செல்வர்களின் மேசைக்கு இறால் அனுப்புவதில் முடிந்தது. சக்திகுளங்கரையில் பல மீனவக் குடும்பங்கள் இதனால் நிமிர்ந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இறால் வணிகத்தில் பெண்களும் கைநிறையச் சம்பாதித்தனர். ஆனால் படகு வாங்க முதலில்லாத மற்றக் கரைகளின் கதை வேறு.

எங்கள் கரை அந்த வேறு கதையைச் சேர்ந்தது. என் பெரியப்பா மாலையில் விரித்துவிட்டு வந்த வலையை, இரவில் கரையோரம் இழுத்துச் சென்ற விசைப்படகு ஒன்று அறுத்துப் போனது. விடியற்காலையில் மிதவைக் கட்டைகளை மட்டும் தோளில் சுமந்து வந்தார். கடனில் வாங்கிய வலை அது. மறு திருவிழா வரை அந்தக் கடன் வீட்டில் ஓர் ஆளைப் போலவே இருந்தது.

வலையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வலைமுடிதல்தான் கைத்தொழில். என் தாயார் செபமாலை சொல்லிக்கொண்டே கண்ணி முடிவார். விரல்கள் கணக்குத் தவறியதில்லை. நைலான் நூல் வந்தது, வலை நெடுநாள் உழைத்தது, ஆண்கள் மகிழ்ந்தனர். பின்னர் எந்திரமே வலை முடியத் தொடங்கியது. பெண்களிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. எந்த அறிக்கையிலும் இழப்பாக எழுதப்படாத இழப்பு அது.

1970-களில் கோவாவிலும் சென்னையிலும் கேரளத்திலும் கட்டுமரத்தாருக்கும் விசைப்படகினருக்கும் மோதல் மூண்டது. கேரளத்தில் குருக்களும் அருட்சகோதரிகளும் மீனவரோடு தெருவில் இறங்கினர். மீட்பர் சபைக் குருவான தாமஸ் கோச்சேரி உண்ணாநோன்பிருந்தார். கேரளம் 1980-இலும் தமிழகம் 1983-இலும் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றின. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை விசைப்படகு மீன்பிடிக்கலாகாது என்பது நம் மாநிலம் அன்று வகுத்த விதி. அது காகிதத்தில் காக்கப்பட்ட அளவுக்குக் கடலில் காக்கப்படவில்லை. மழைக்கால இழுவலைத் தடை 1988-இல் கேரளத்திற்கு வந்தது.

இதனால் அறிவியலே வேண்டாம் என்பாரோடு நான் சேரமாட்டேன். கட்டுமரத்திற்கான மரம் அரிதாகி, விலை எட்டாத உயரத்திற்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பழையதையே பிடித்துக்கொண்டு காலந்தள்ள இயலாது. அந்நாளில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பொறியாளர் பியர் ஜில்லே எங்கள் மறைமாவட்டத்து முட்டத்தில் ஒட்டுப்பலகையால் படகு கட்டும் முயற்சியில் இருந்தார். பலகைகளைத் தைத்து இணைத்து, மூட்டுகளைப் பிசினால் ஒட்டும் முறை. கயிற்றால் வள்ளம் தைத்த நம்மவர்க்குத் தைத்த படகு புதிதன்று. துறைமுகமில்லாத கரையில், அலையை வெட்டி ஏறி, மணலில் வந்து இறங்க வேண்டும், கவிழ்ந்தாலும் மூழ்கலாகாது. கட்டுமரம் நூற்றாண்டுகளாக நிறைவேற்றி வந்த நிபந்தனைகள் இவை. இவற்றைப் பொறியியல் கல்லூரி கற்பிக்காது.

பொருளாதார அறிஞர் ஷூமாக்கர், 1971-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர், 1973-இல் ‘சிறியதே அழகு’ என்னும் பொருள்படத் தம் நூலுக்குப் பெயரிட்டார். முட்டத்து அனுபவத்தை 1985-இல் நூலாக்கிய ஜில்லே அதற்கு வைத்த தலைப்பு, ‘சிறியது கடினமானது’. படித்தபோது சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது. பெரிய படகை வரைபடம் பார்த்துக் கட்டிவிடலாம். சிறிய படகைக் கட்டுவதற்குச் சிறியவர்களின் குறைகளைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜப்பானிய எந்திரங்கள் 1980-களில் இச்சிறு படகுகளிலும் ஏறின. அவற்றோடு மண்ணெண்ணெய்ச் செலவும் ஏறியது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு எந்திரம் பழுதுபார்க்கும் நிலையங்களை அமைத்து, கடற்கரை இளைஞர்களுக்கு அத்தொழிலைக் கற்பித்திராவிட்டால், பாதி எந்திரங்கள் மணலில் துருப்பிடித்திருக்கும். பின்னாளில் ஒட்டுப்பலகையும் கண்ணாடியிழைக்கு இடம் கொடுத்தது.

புதிய படகைப் பார்க்க வந்த பெரியப்பா, அதன் பலகையை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். “அலையில கெடந்து பாத்தாத்தான் மக்களே தெரியும்” என்றார். அலையில் விட்டுப் பார்த்தார்கள். முகப்பு தாழ்வு என்று குறை சொன்னார்கள். அடுத்த படகின் முகப்பு உயர்ந்தே வந்தது.